ஸ்கிட் ஸ்டியருக்கு மரம் வெட்டுற அட்டாச்மென்ட்: லோன் போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு

எஸ்ஐபி, நியூ ரெஜிம், ஓல்டு ரெஜிம்னு பேசிட்டிருக்கிற இடத்தில் திடீர்னு மரம் வெட்டுற மெஷினான்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வந்த பலருக்கு ஊரில் அப்பாவோ அண்ணனோ மச்சானோ மெஷின் ஓட்டுறாங்க. ஒரு நாள் போன் வரும். "ஸ்கிட் ஸ்டியர் சும்மா நிக்குது. மரம் வெட்டுற அட்டாச்மென்ட் ஒண்ணு வாங்கிப் போட்டா சீமைக் கருவேலம் எடுக்கிற வேலை நிறைய வரும். எனக்கு லோன் இழுத்தடிக்கிறாங்க, உன் சம்பளத்துக்கு உடனே கிடைக்கும்."

மெஷின் ஊரில் ஓடும், இஎம்ஐ உங்க அக்கவுன்ட்ல போகும். அதனால எந்த அட்டாச்மென்ட்ங்கிற கேள்வி மெஷின் ஓட்டுறவருக்கு மட்டுமான கேள்வி இல்லை. கையெழுத்து போடப் போற உங்களுக்கும்தான்.

முதல்ல மெஷினைப் பற்றிக் கொஞ்சம். நம்ம ஊரில் எந்த கம்பெனி மெஷினா இருந்தாலும் பாப்கேட்னுதான் சொல்வாங்க. 1957-ல் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் கெல்லர் சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணைக்காகச் செய்து கொடுத்த சின்ன லோடர்தான் இதுக்கு மூதாதை. கொட்டகைக்குள்ள தூணுக்குத் தூண் நடுவில் புகுந்து திரும்பணும், அதான் தேவை. இன்னைக்கும் அதன் பலம் அதேதான்: நின்ற இடத்திலேயே திரும்பும், முன்னாடி மாட்டுற கருவியை நிமிஷத்தில் மாத்தலாம். ஜேசிபி மாதிரி ஆழமா தோண்டவோ பெரிய வேரை இழுத்துப் போடவோ செஞ்ச மெஷின் இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி கணக்குல வரும்.

கடையில் என்னென்ன இருக்கு

மரம் வெட்டுறதுன்னு ஒரே பேர்ல சொன்னாலும் நாலைந்து வேறு வேறு கருவிகள் இருக்கு.

ட்ரீ ஷியர்: பெரிய கத்தரிக்கோல். ஹைட்ராலிக் சிலிண்டர் பிளேடை நெருக்க, மரம் அடியில் துண்டாகும். சுத்துற பாகம் கிடையாது. அதனால சாதாரண ஸ்கிட் ஸ்டியரிலேயே ஓடும், பராமரிப்பும் குறைவு. வேகம்தான் கொஞ்சம் மந்தம்.

ட்ரீ புல்லர்: மரத்தின் அடியைக் கவ்விப் பிடிச்சு வேரோட இழுக்கிற தாடை. சின்ன மரத்துக்கும் புதருக்கும் அருமை. இருக்கிறதிலேயே எளிமையான கருவி, விலையும் பொதுவா குறைவு.

பிரஷ் கட்டர்: புல், புதர், கட்டைவிரல் கனத்திலிருந்து கைமணிக்கட்டு கனம் வரைக்கும் உள்ள செடி கொடிகளுக்கு. மரம் வெட்டத்தான் வாங்குறீங்கன்னா இது போதாது.

ட்ரீ சா: சுத்துற வட்ட ரம்பம். வேகமா வெட்டும், ஆனா எண்ணெய் ஓட்டம் நிறைய வேணும்.

மல்ச்சர்: சுத்துற டிரம், அதில் கார்பைடு பற்கள். நின்ன மரத்தை நின்ன இடத்திலேயே சில்லு சில்லா ஆக்கிடும். வீடியோவில் பார்க்க இதை மாதிரி சுகம் எதுவும் இல்லை. போன் பண்ற மச்சான் கேட்கிறதும் பெரும்பாலும் இதைத்தான். விலையிலும் இதுதான் உச்சம்.

ஒரு வகுத்தல் கணக்கு

ஸ்கிட் ஸ்டியரோட இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்னு எல்லாரும் கேட்பாங்க. அட்டாச்மென்டுக்கு அது முக்கியமில்லை. முன்னாடி இருக்கிற ஹோஸ் வழியா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை பார் அழுத்தத்தில் வருதுங்கிறதுதான் முக்கியம். அழுத்தம் பலத்தைத் தீர்மானிக்கும், ஓட்டம் வேகத்தைத் தீர்மானிக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தா கிலோவாட் வரும்.

ஒரு மெஷின் 210 பார், 75 லிட்டர் தருதுன்னு வைங்க. 210 × 75 ÷ 600 = சுமார் 26 கிலோவாட். அதாவது 35 குதிரைத்திறன். இதை ஸ்டாண்டர்ட் ஃப்ளோன்னு சொல்வாங்க. ஹை ஃப்ளோ உள்ள மெஷின் 230 பார், 115 லிட்டர் தந்தா 44 கிலோவாட், அதாவது 59 குதிரைத்திறன். இன்ஜின் ஒரே அளவா இருந்தாலும் கருவிக்குப் போய்ச் சேர்ற சக்தியில் இவ்வளவு வித்தியாசம்.

ஷியரும் புல்லரும் முதல் மெஷினில் நிம்மதியா வேலை செய்யும். ஹை ஃப்ளோ மல்ச்சரை அதே மெஷினில் மாட்டினா டிரம் சுத்தும், கட்டை பட்டதும் நிக்கும், மறுபடி சுத்தும், மறுபடி நிக்கும். எண்ணெய் சூடாகும், வேலை நகராது. சில மல்ச்சர்களுக்கு கேஸ் டிரெய்ன்னு மூணாவதா ஒரு ரிட்டர்ன் லைனும் வேணும். அது இல்லாம ஓட்டினா மோட்டார் சீல் பிச்சுக்கிட்டுப் போகும்.

அதனால வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நம்ம மெஷின் ஸ்டாண்டர்ட் ஃப்ளோவா, ஹை ஃப்ளோவா?" செகண்ட் ஹேண்டில் வாங்கின மெஷின்னா, ஹை ஃப்ளோ இல்லைன்னே முதல்ல நினைச்சுக்கோங்க. அது கூடுதல் காசு கொடுத்துப் போடுற ஆப்ஷன். மாடல் பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த மெஷினிலேயே பார்க்கச் சொல்லுங்க.

ரெண்டாவது கேள்வி எடை. கேட்லாகில் ரேட்டட் ஆபரேட்டிங் கெப்பாசிட்டின்னு போட்டிருப்பாங்க. டயர் உள்ள ஸ்கிட் ஸ்டியருக்கு அது மெஷின் முன்னால் கவிழ்ற எடையில் பாதி. 800 கிலோ கெப்பாசிட்டி உள்ள மெஷினில் 500 கிலோ கருவி மாட்டினா மிச்சம் 300 கிலோதான். 25 சென்டிமீட்டர் விட்டம், 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியில் இருந்தாலே 200 கிலோ கிட்ட வரும். கிளை தனி. அதுவும் எடை முன்னாடி தள்ளி நிக்குது. வெட்டின மரத்தைத் தூக்கிட்டு வரப்பு ஏறும்போது பின் டயர் எழும்பும். உள்ளே உட்கார்ந்திருக்கிறது உங்க அண்ணன்.

நம்ம மரம் எந்த மரம்?

மெஷின் விற்கிறவர் காட்டுற வீடியோ பெரும்பாலும் வெளிநாட்டுக் காடு. நம்ம பக்கம் வேலை சீமைக் கருவேலம். இதுக்கு மூணு குணம் இருக்கு, மூணுமே உங்க முதலீட்டைப் பாதிக்கும்.

ஒண்ணு, இது வெட்டினா சாகாது. தரைக்கு மேல வெட்டினா அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும், ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு தண்டு வரும். தரைக்குக் கீழே தளிர் வர்ற பகுதியோட சேர்த்துத் தூர் எடுக்கணும். ஷியர் அடிக்கட்டையை விட்டுட்டு வரும். மல்ச்சரும் மண்ணுக்குள்ள இறங்காம மேலோட்டமா ஓட்டினா அப்படித்தான். மண்ணுக்குள்ள இறக்கினா பல் தேயும். அடுத்த மழை முடிஞ்சதும் நிலத்துக்காரர் போன் பண்ணுவார், "என்ன தம்பி, எல்லாம் முளைச்சிருச்சே?" அதனால இந்த மரத்துக்கு, சின்ன வயசில் இருக்கும்போது, வேரோட இழுக்கிற புல்லர்தான் வேலையைச் சரியா முடிக்கும். முத்தின பெரிய மரம்னா ஜேசிபி பக்கெட். அந்தப் போட்டியில் ஸ்கிட் ஸ்டியர் இறங்கவே வேண்டாம், ஊருக்கு நாலு ஜேசிபி இருக்கு.

ரெண்டு, முள். டியூப்லெஸ் காற்று டயரை ஒரு நாளில் சல்லடை ஆக்கிடும். சாலிட் டயரோ, உள்ளே ஃபோம் நிரப்பின டயரோ போட்டே ஆகணும். அட்டாச்மென்ட் கொட்டேஷனில் இந்தச் செலவு இருக்காது. நீங்கதான் சேர்த்துக்கணும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது: இந்த விறகுக்கு விலை இருக்கு. கரிமூட்டம் போடுறவங்க வாங்குறாங்க, விறகுக்குப் போகுது. பல இடத்தில் நிலத்துக்காரர் மெஷின் வாடகையையே விறகை வித்துத்தான் கொடுக்கிறார். சில இடத்தில் விறகை எடுத்துக்கிட்டு சும்மா சுத்தம் பண்ணிக் கொடுக்கிற ஆளும் உண்டு. அங்கே போய் மல்ச்சரை இறக்கினா என்ன ஆகும்? விக்க வேண்டிய விறகைச் சில்லாக்கிட்டு, அதுக்கு வாடகையும் கேட்கிற மாதிரி. எந்த விவசாயி கூப்பிடுவார்?

மல்ச்சருக்கு வேலையே இல்லைன்னு சொல்லல. விறகைப் பொறுக்கி எடுக்க நேரமில்லாத, சீக்கிரம் சுத்தமாகணும்னு நினைக்கிற வாடிக்கையாளர் இருக்கிற இடத்தில் இருக்கு: சோலார் சைட், பெரிய லேஅவுட், மின்கம்பிப் பாதை. கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் மாதிரியான இடங்களை நினைச்சுப் பாருங்க. ஆனா அந்த வேலை ஒரு தடவை வரும், கான்ட்ராக்டர் வழியா வரும், பில் போட்டு மாசக்கணக்கில் காத்திருந்து பணம் வரும். உங்க இஎம்ஐ மாசம் 5-ஆம் தேதி போகும்.

இன்னொரு விஷயம். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னப்போ மாவட்டம் முழுக்க மெஷின் ஓடுச்சு. அதே வருஷம் ஏப்ரலில் தடை வந்தது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இதைப் பார்த்து "இனி வருஷம் பூரா வேலை"ன்னு நினைக்கிறது ஆபத்து. கண்மாயிலும் புறம்போக்கிலும் இருக்கிற மரம் அரசுடையது. ஏலம், அனுமதி இல்லாம தொட முடியாது. உங்க கணக்கை பட்டா நிலத்து வேலையை மட்டும் வச்சுப் போடுங்க.

இப்போ இஎம்ஐ

கீழே இருக்கிற விலைகள் கணக்குக்காக நான் வைக்கிற எண்கள். உங்களுக்கு வர்ற கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கோங்க.

புல்லர் அல்லது ஷியர் 4 லட்சம். மல்ச்சர் 18 லட்சம். ரெண்டுக்கும் 3 வருஷம், 14% வட்டி. இஎம்ஐ முதலுக்கு சுமார் ரூ.13,670, ரெண்டாவதுக்கு சுமார் ரூ.61,520.

அட்டாச்மென்ட் மாட்டினதால மணிக்கு எவ்வளவு *கூடுதலா* மிஞ்சுதுன்னு பாருங்க. மொத்த வாடகையைப் பார்க்காதீங்க. டீசல், ஆபரேட்டர் கூலி, பல், பிளேடு தேய்மானம், சாதாரண பக்கெட் போட்டு ஓட்டினாலே வந்திருக்கக்கூடிய லாபம் எல்லாத்தையும் கழிங்க. அப்படி புல்லருக்கு மணிக்கு 350, மல்ச்சருக்கு 900 நிக்குதுன்னு வைப்போம்.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண்ணில் எந்த மெஷினும் இறங்காது. வருஷத்தில் 9 மாசம்தான் வேலைன்னு எடுத்துக்கலாம். புல்லருக்கு வருஷ இஎம்ஐ ரூ.1,64,040. அதை 9 மாசத்தில் சம்பாதிக்க மாசம் 52 மணி நேரம் ஓடணும். நாளைக்கு 6 மணி நேரம்னா கிட்டத்தட்ட 9 நாள். மல்ச்சருக்கு வருஷம் ரூ.7,38,240, மாசம் 91 மணி நேரம், 15 நாளுக்கு மேல. இது கடனைக் கட்ட மட்டும். வீட்டுக்கு ஒரு ரூபாய் வர்றதுக்கு அதுக்கு மேல ஓடணும்.

மச்சான்கிட்ட கேட்க வேண்டியது, "வேலை வருமா?" இல்லை. அதுக்கு எல்லாரும் "வரும்"னுதான் சொல்வாங்க. "போன வருஷம் மரம் எடுக்கிற வேலைக்கு எத்தனை நாள் கூப்பிட்டு, அட்டாச்மென்ட் இல்லாததால திருப்பி அனுப்பினோம்?"னு கேளுங்க. நோட்டில் 40 நாள்கூட இல்லைன்னா மல்ச்சர் பேச்சை அங்கேயே நிறுத்திடலாம்.

வேலை வராத மாசம் இஎம்ஐ உங்க சம்பளத்திலிருந்து போகும். கைக்கு 70,000 வர்றவருக்கு 13,670 வலிக்கும், தாங்கலாம். 61,520 போனா வாடகை கட்டக்கூட மிஞ்சாது. தாங்கினாலும், அடுத்த 3 வருஷத்துக்கு ஹோம் லோன் கேட்டா பேங்க் இந்த இஎம்ஐயைக் கழிச்சுட்டுத்தான் தகுதி பார்க்கும். அட்டாச்மென்டுக்கு ஆர்சி புக் கிடையாது. அதனால பேங்க் பல நேரம் அதை அடமானமா வச்சுக்க விரும்பாம பர்சனல் லோன் பக்கம் தள்ளிவிடும். அதில் மெஷின் ஓடினாலும் ஓடாட்டாலும் பொறுப்பு முழுக்க உங்க பேரில்.

"டிப்ரிசியேஷன் காட்டி சம்பளத்து டேக்ஸை குறைச்சுக்கலாமே?"

முடியாது. இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது.

மெஷினரிக்கு வருமான வரியில் 15% தேய்மானம் உண்டு. 18 லட்சத்துக்கு முதல் வருஷம் 2.7 லட்சம். வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா பாதி, 1.35 லட்சம். அதை உங்க தொழில் லாபத்தில் கழிக்கலாம். ஆனா தொழிலில் நஷ்டம் வந்தா அந்த நஷ்டத்தை சம்பள வருமானத்தோடு சரிக்கட்ட சட்டம் விடாது. டெபாசிட் வட்டி, வீட்டு வாடகை மாதிரி வருமானம் இருந்தா அதோடு சரிக்கட்டலாம். மிச்ச தொழில் நஷ்டத்தை 8 வருஷம் வரைக்கும் தொழில் லாபத்துக்கு எதிரா எடுத்துட்டுப் போகலாம், அதுவும் ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள போட்டிருந்தாதான். "டேக்ஸ் மிச்சமாகும்"னு யாராவது சொல்லி உங்களை இதில் இறக்கினா, அந்தக் காரணத்தை லிஸ்டிலிருந்து அடிச்சுடுங்க.

உங்க பேரில் தொழில் வருமானம் வந்துட்டா இன்னும் ரெண்டு விஷயம் மாறும். சாதாரண ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 அல்லது 4. அடுத்து, சம்பளம் மட்டும் இருக்கிறவர் ஒவ்வொரு வருஷமும் ஓல்டு, நியூ ரெஜிம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது: ஓல்டுக்குப் போயிட்டு நியூவுக்குத் திரும்பினா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி ஓல்டுக்குப் போக முடியாது.

பிரிசம்ப்டிவ் முறையில் மொத்த வரவில் 8%, பேங்க் வழியா வந்ததுக்கு 6% லாபம்னு காட்டிட்டு முடிச்சுக்கலாம். அப்போ வட்டி, தேய்மானம் தனியா கழிக்க முடியாது. சின்ன அளவில் ஓட்டுறவங்களுக்கு இது நிம்மதியான வழி.

யார் பேரில் வாங்குறது? அப்பாதான் தொழில் செய்றார்னா பில், வருமானம், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் அவர் பேரிலேயே இருக்கட்டும். அப்பா, அம்மாவுக்குக் கொடுத்த பணத்திலிருந்து வர்ற வருமானத்தை உங்க வருமானத்தோடு சேர்க்க மாட்டாங்க. மனைவிக்கோ கணவருக்கோ பரிசா கொடுத்து அவங்க பேரில் வாங்கினா அந்த வருமானம் உங்களோடதுன்னு சேர்ந்துடும். லோன் உங்க பேரிலும் மெஷின் அப்பா பேரிலும் இருந்தா, நீங்க அவருக்குக் கடன் கொடுத்த மாதிரி ஒரு பேப்பர் எழுதி, வட்டியோட பணம் அவர் அக்கவுன்டிலிருந்து உங்க அக்கவுன்டுக்கு வரட்டும். வட்டி அவருக்குச் செலவாகும். கூடவே, நாளைக்கு அண்ணன் தம்பி பங்கு பேச்சு வரும்போது யார் காசுன்னு தெளிவா இருக்கும். குடும்பத்துக்குள்ள எதுக்கு பேப்பர்னு கேட்பாங்க. குடும்பங்கிறதாலதான்.

ஜிஎஸ்டி பக்கம்: சேவை வரவு வருஷம் 20 லட்சம் தாண்டாட்டி பதிவு தேவையில்லை, உங்க சம்பளம் இதில் சேராது. பதிவு இல்லைன்னா அட்டாச்மென்ட் பில்லில் இருக்கிற வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 18% வரின்னு வச்சா 18 லட்சம் பில்லில் சுமார் 2.75 லட்சம் ஜிஎஸ்டிதான். பதிவு இருந்தா அது கிரெடிட்டா வரும், ஆனா கிரெடிட் எடுத்த தொகைக்குத் தேய்மானம் கிடையாது. விவசாயம் சார்ந்த சில சேவைகளுக்கு விலக்கு இருக்கு. சோலார் சைட்டைச் சுத்தம் பண்றதெல்லாம் அதில் வராது.

என்னோட கணிப்பு

ஸ்டாண்டர்ட் ஃப்ளோ மெஷின், பட்டா நிலத்து வேலை, சீமைக் கருவேலம்: புல்லர். தோப்புக்குள்ள நிலத்துக்கு மேல வெட்டி, கட்டையை அப்படியே விக்கிற வேலை அதிகம்னா ஷியர். ரெண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். மல்ச்சர் வேணும்னு அடம் பிடிச்சா, ஹை ஃப்ளோ மெஷினும் கையெழுத்தான வேலை ஆர்டரும் ரெண்டும் கையில் இருக்கட்டும். அப்பவும் முதல் ஆர்டருக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கிறது நல்லது.

கொட்டேஷன் வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியது: தேவையான எண்ணெய் ஓட்டம், குறைந்தபட்சமும் அதிகபட்சமும், கருவியோட எடை, காட்டியிருக்கிற வெட்டு விட்டம் மென்மரத்துக்கா வன்மரத்துக்கா, மாட்டுற பிளேட் உங்க மெஷினுக்குப் பொருந்துமா, ஒரு செட் பல் அல்லது பிளேடு என்ன விலை, எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும். கடைசிக் கேள்விக்கு "வரவழைச்சுத் தரலாம் சார்"னு பதில் வந்தா, அந்த நாள்களையும் மெஷின் நிக்கிற நாளா கணக்கில் சேருங்க.

ஆபரேட்டர் கேபின் முன்னாடி சாதாரணக் கண்ணாடி இருந்தா மல்ச்சரோ சாவோ மாட்டவே கூடாது. தெறிக்கிற கட்டை தோட்டா மாதிரி வரும். பாலிகார்பனேட் கதவு போடணும், அந்த விலையையும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்க. இன்ஷூரன்ஸ் பாலிசியில் மெஷினோடு அட்டாச்மென்டும் தனி ஐட்டமா எழுதப்பட்டிருக்கான்னு பாருங்க. மெஷினுக்கு மட்டும் பாலிசி இருந்து கருவி திருடு போனா, இஎம்ஐ மட்டும்தான் மிஞ்சும். ஆபரேட்டர் அண்ணனே ஆனாலும் அவர் பேரில் ஒரு ஆக்சிடென்ட் பாலிசியும் ஒரு டேர்ம் பாலிசியும் எடுத்துட்டு, அப்புறம் லோன் பேப்பரைக் கையில் வாங்குங்க.